அடக்கம் செய்வார் இல்லாத நாடு

நாவல்கள், கவிதைத் தொகுப்புகள், எப்போதேனும் ஒரு திரைப்படம் என இப்பக்கங்களில் நாம் எழுதி வந்ததுண்டு. கணினி விளையாட்டு ஒன்றைத் திறனாய்ந்து எழுத நேருமென்று எண்ணியதே இல்லை. வாசகப் பெருமக்களுள் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்வரை நாமும் அவர்களோடு சேர்ந்து சுளித்தவர்தாம்.

நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒரு மாலையில் நம்மைத் தேடி வந்தார். கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் அவருடைய மகன் இரவெல்லாம் கணினியின் முன் அமர்ந்து ஏதோ விளையாடுகிறான், உறக்கமில்லை, கேட்டால் பதிலில்லை. “நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான் சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். சொல்லத்தான் போனோம். பத்து நிமிடத்தில் கண்டித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் அன்றிரவு இரண்டு மணி நேரம் அவனருகே நாற்காலியில் அமர்ந்திருந்தோம். பின்னர் வேறு சில இரவுகளிலும் போனோம்.

நாம் எதிர்பார்த்தது துப்பாக்கி வெடிகளும் இரத்தமும் கூச்சலும். திரையில் இருந்ததோ பனி. ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். அவனுடைய கைகளும் அவன் மூச்சொலியும் அன்றி வேறெதுவும் நமக்குத் தெரியவில்லை. காற்று ஊளையிட்டது. தொலைவில் காகங்கள் வட்டமிட்டன. அவன் குனிந்து ஒரு சுள்ளியை எடுத்தான். மீண்டும் நடந்தான். “இவ்வளவுதானா?” என்று கேட்டோம். “இவ்வளவுதான் சாமி” என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே.

இவ்விளையாட்டின் பெயர் ‘தி லாங் டார்க்’. நீண்ட இருள் எனலாம். கனடாவின் மேற்கே வான்கூவர் தீவில் இயங்கும் ஹின்டர்லேண்ட் என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு இது. பெரிய விளையாட்டு நிறுவனங்களில் பணியாற்றிய ரஃபேல் வான் லீரோப் என்பவர் அந்நிறுவனத்தை 2012இல் தொடங்கினார். மறு ஆண்டு, இணையம் வழியே பொதுமக்களிடம் சிறு சிறு தொகைகளாகக் கேட்டுப் பெற்றதில் இரண்டரை இலட்சம் கனடிய டாலருக்கு மேல் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் முற்றுப்பெறாத வடிவிலேயே விற்பனைக்கு வந்தது. 2017 ஆகஸ்டில் கதைப்பகுதியோடு முறையாக வெளியாயிற்று. பெருமுதலின் துணையின்றி இவ்வாறு உருவாகும் விளையாட்டுகளை ‘இண்டி’ என்று இளைஞர் குறிப்பிடுகின்றனர். நம் சிற்றிதழ் மரபை நினைவில் கொண்டால் அச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும்.

களம் கனடாவின் வடபகுதியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட பெருங்கரடித் தீவு. புவிக்காந்தப் புயல் ஒன்று வீசியதில் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போயிற்று. ஊர்திகள் சாலைகளில் செத்துக் கிடக்கின்றன. ஊர்கள் வெறிச்சோடிவிட்டன. இது வெறுங்கதையன்று என்பதை வாசகர் அறிதல் நலம். 1989 மார்ச் 13 அன்று கதிரவனிலிருந்து எழுந்த அத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாநில மின்கட்டமைப்பை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் வீழ்த்தியது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். அதற்கும் முன்பே 1859இல் வந்த பெரும்புயலின்போது அமெரிக்கத் தந்தி ஊழியர் சிலர் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டுத் துருவ ஒளி தந்த மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். இவ்விளையாட்டிலும் இரவில் பச்சை நிறத் துருவ ஒளி வானில் படரும்போது, செத்துக் கிடந்த விளக்குகள் திடீரென உயிர்பெறுகின்றன. வானொலிப் பெட்டிகள் முணுமுணுக்கின்றன. விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். அக்காட்சியை முதன்முதலாகக் கண்டபோது நமக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேரழகும் அச்சமும் ஒரே பொருளில் குடிகொள்வதை இத்துணைத் திருத்தமாகக் காட்டிய படைப்புகள் சிலவே.

விளையாட்டு இருவகைப்படும். ஒன்று, ‘வின்டர்மியூட்’ என்னும் கதை. மற்றொன்று, கதையேதுமின்றி உயிர்பிழைத்திருத்தல். தம்பி விளையாடியது பின்னது. அதைப் பற்றியே முதலில் பேச வேண்டும். இதற்குப் புகழ் தேடித் தந்ததும் அதுவே.

பனிவெளியில் எங்கோ ஓரிடத்தில் ஆட்டக்காரன் தனியனாய் விடப்படுகிறான். அவனுக்கு அளவுகோல்கள் நான்கு: குளிர், களைப்பு, பசி, தாகம். நான்கும் ஓயாமல் குறைந்துகொண்டே இருக்கின்றன. வெற்றி என்று எதுவும் இல்லை. மீட்க எவரும் வருவதில்லை. எத்தனை நாள் உயிரோடிருந்தான் என்பதொன்றே கணக்கு. இறந்துவிட்டால், நீண்ட இருளில் கரைந்தான் என்று ஒரு வரி தோன்றும். அவன் சேமித்து வைத்த பதிவு முழுவதும் அழிந்துபோகும். நூறு நாள் பாடுபட்டவனாயினும் அப்படியே. பிற விளையாட்டுகளில் இறந்தவன் மறுகணம் எழுந்து ஓடுகிறான். இறப்பு ஒரு தடங்கல் மட்டுமே. இங்கே இறப்புக்கு உரிய மதிப்பு தரப்பட்டிருக்கிறது. பிணங்கள் எழுந்து நடமாடும் மலிவான திகிலும் கிடையாது. ஓநாய் உண்டு, கரடி உண்டு, குளிர் உண்டு, அவை போதும்.

நெருப்பு மூட்டும் செயலை எடுத்துக்கொள்வோம். சுள்ளி வேண்டும், பற்றவைக்கத் தக்கை வேண்டும், தீக்குச்சி வேண்டும். மூன்றும் இருந்தாலும் பற்றும் என்பதற்கு உறுதியில்லை. வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று திரை சொல்லும். பற்றியபின் காற்றுத் திசைமாறினால் அணையும். கையிலிருக்கும் தீக்குச்சிகள் பன்னிரண்டு என்றால் அவை பன்னிரண்டு நெருப்புகள், அவ்வளவே வாழ்நாள். தேர்ந்தவர்கள் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியைத் தேடிப் பிடித்து, வானம் தெளிந்த நாளில் வெயிலைக் குவித்துத் தீ மூட்டிக் குச்சியை மிச்சப்படுத்துகின்றனர். தம்பி அவ்வாறு ஒருமுறை செய்தபோது, கதிரவன் கொடையாய்த் தந்த அந்த நெருப்பைப் பார்த்து நாம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டோம். பனியை உருக்கி, கொதிக்க வைத்து, அதன்பின்னரே குடிக்க முடிகிறது. காட்டு ரோஜாவின் காயைப் பறித்துக் கொதிநீரிட்டால் வலி தணிக்கும். மரத்தில் தொங்கும் தாடிப்பாசி புண்ணுக்குக் கட்டாகிறது. முயலுக்குக் கண்ணி வைக்க வேண்டும். உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போட வேண்டும். தோலையும் குடலையும் பல நாள் உலர்த்த வேண்டும்.

அன்றாட உணவுக்காக நாள்தோறும் நாம் செய்யும் மன்றாட்டு, குழாயைத் திருகினால் நீரும் குமிழை அழுத்தினால் ஒளியும் வரும் வீட்டில் வெறும் வாய்ப்பாடமாகிவிடுகிறது. உண்பதும் குடிப்பதும் குளிர்காய்வதும் தம் உழைப்புக்கு அப்பாலிருந்து வருபவை என்பதை, ஒரு முழு மணி நேரம் சுள்ளி பொறுக்கிய பின் பற்றிய சிறு தீயைக் கண்டு “அப்பாடா” என்று மூச்சுவிட்ட அந்த இளைஞன் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தான் என்றே தோன்றிற்று. இவ்வளவில் இதை உயர்ந்த கலை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

கடினத்தின் படிகளுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர்களும் சுவையானவை. மிக எளிய படிக்குப் பெயர் ‘பில்கிரிம்’, அதாவது திருப்பயணி. அப்படியில் ஓநாய்கள் மனிதனைக் கண்டால் விலகி ஓடுகின்றன. கடினமான படியின் பெயர் ‘இன்டர்லோப்பர்’, அழைப்பின்றி நுழைந்தவன். அவனுக்குத் துப்பாக்கியே கிடைப்பதில்லை. குளிரும் அவன்மேல் மும்மடங்கு வன்மம் கொண்டதுபோல் இருக்கும். திருப்பயணியாய் வந்தவனுக்கு வழிவிடும் அதே காடு, அத்துமீறி நுழைந்தவனை எதிர்க்கிறது. பெயரிட்டவர் இவ்வளவு எண்ணியிருப்பாரா, அறியோம். நாம் எண்ணிக்கொண்டோம்.

மற்றொரு நுட்பம். குளிருக்கு அஞ்சிப் பல நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் ஒருவகை மனநோய் அவனைப் பிடிக்கும். அதன்பின் கூரையின்கீழ் உறக்கம் வராது. வெளியே போய்த்தான் படுக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்து முனிவர்களிடையே வாழ்ந்த எவாகிரியுஸ், நண்பகல் பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். அறைக்குள் இருக்க ஒட்டாமல் துறவியை வெளியே இழுக்கும் சலிப்பு அது. குருமடத்தில் அதைப் பாடமாகப் படித்தபோது நமக்குக் கொட்டாவி வந்தது. பனிக்குடிலில் அடைபட்ட இம்மனிதனைப் பார்த்தபின் அது நன்றாகவே விளங்கிற்று.

இனி நம்மை உறுத்தியதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் இரவு தம்பி ஒரு வேட்டைக்காரனின் குடிலுக்குள் நுழைந்தான். தரையில் ஒருவர் உறைந்து கிடந்தார். தம்பி அவர்மீது சுட்டியை வைத்து அழுத்தினான். சில நொடிகள் தேடும் ஓசை. அவருடைய பையிலிருந்து ஒரு சாக்லேட்டும் தீக்குச்சிகளும் கிடைத்தன. எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அந்த உடல் அங்கேயே கிடந்தது. பெருங்கரடித் தீவெங்கும் இத்தகைய உடல்கள் கிடக்கின்றன. சாலையோரத்தில், ஏரிக்கரையில், ஊர்திகளுக்குள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டை நோக்கி நடந்து வழியில் வீழ்ந்தவர்கள். தேடலாம், எடுக்கலாம். “இவரை அடக்கம் பண்ண முடியாதா?” என்று கேட்டோம். தம்பி நம்மைத் திரும்பிப் பார்த்தான். “அதுக்கு இதுல வழியில்ல சாமி” என்றான்.

மான் ஒன்றை அறுத்துத் தோலையும் குடலையும் இறைச்சியையும் தனித்தனியே எடுக்க வழி உண்டு. அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கும் உண்டு. மனிதனை மண்ணுக்குக் கொடுக்க வழியில்லை. உறைந்த நிலத்தைத் தோண்ட இயலாது என்று வாதிடலாம். அப்படியானால் கற்களை அடுக்கி மூடலாமே. பனிநாட்டார் செய்துவந்த முறைதானே அது. படைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் தேவையெனப் படவில்லை. பிழைப்பதற்கு அது உதவாதல்லவா?

இதைப் பற்றிப் பல நாள் எண்ணினோம். உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அவற்றை இவ்விளையாட்டோடு பொருத்திப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்கு நீர், ஆடையற்றவனுக்கு உடை, தங்க இடமற்றவனுக்குக் கூரை, நோயுற்றவனுக்குப் பணிவிடை. இவை ஐந்தையும் ஆட்டக்காரன் நாள்தோறும் செய்கிறான். ஆனால் எல்லாம் தனக்கே. பசித்தவனும் அவன், உணவளிப்பவனும் அவன். சிறையிலிருப்பவனைக் காணச் செல்வதை விட்டுவிடுவோம். எஞ்சுவது, இறந்தவரை அடக்கம் செய்தல். அது ஒன்றுதான் எவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள இயலாதது. பிறர் ஒருவர் வேண்டும். தனியன் ஒருவனை மையமாக்கிய இப்படைப்பில் அது இல்லாமற் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயமே நம்மை அச்சுறுத்துகிறது. தோபித்து நூலில் அந்த முதியவர் உண்ணாமல் எழுந்துபோய், தெருவில் எறியப்பட்டுக் கிடந்தவனின் உடலைத் தூக்கிவந்து, கதிரவன் மறைந்தபின் புதைக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூடத்தனம்: உணவு போயிற்று, உறக்கம் போயிற்று, உயிருக்கும் ஆபத்து.

கணக்கைச் சொன்னதால் இன்னொன்று. தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் ஒரு சூழ்ச்சியைக் கண்டுபிடித்தனர். பகலெல்லாம் பட்டினி கிடந்து, படுக்குமுன் சிறிதளவே உண்டால், பசியால் தேயும் உடல் உறக்கத்தில் தேறிவிடும். உணவு பெரிதும் மிச்சம். இதைக் கண்ட படைப்பாளர், தொடர்ந்து மூன்று நாள் பட்டினியின்றி உண்பவனுக்கு உடல்வலிமை கூடும் என்றும் அதிகச் சுமை தூக்க முடியும் என்றும் ஒரு விதியைப் பின்னர் சேர்த்தனர். பட்டினியை ஆதாயமாக்கியவரைச் சோற்றின் ஆதாயம் காட்டித் திருத்தினர். நம் தவக்கால நோன்புகளிலும் இத்தகைய கணக்கர் உண்டு, நாமே இருந்திருக்கிறோம். நோன்பில் மிச்சமான சோறு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பெருங்கரடித் தீவில் அது மீண்டும் அவன் பைக்குள்ளேதான் போக வேண்டும், வேறு வாயில்லை.

தனியொருவன் காட்டை வெல்லும் இக்கற்பனை அந்நாட்டின் மெய்யான வரலாற்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். மார்கரெட் ஆட்வுட் 1972இல் எழுதிய திறனாய்வு நூலொன்றில், கனடிய இலக்கியத்தின் மையக் குறியீடே உயிர்பிழைத்திருத்தல்தான் என்று வாதிட்டார். நன்று. ஆனால் அந்நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாய் எவர், எவ்வாறு பிழைத்திருந்தனர்? இதற்குச் சான்று தருபவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்.

இயேசு சபைத் துறவி போல் ல ழேன் 1632இல் கியூபெக் வந்திறங்கினார். 1633 அக்டோபர் முதல் 1634 ஏப்ரல் வரை, இன்னு இனத்து வேட்டைக்குழு ஒன்றோடு காடுகளில் அலைந்து அக்குளிர்காலம் முழுவதையும் கழித்தார். அது பற்றிய அவரது அறிக்கை இன்றும் கிடைக்கிறது. குளிர், வெப்பம், புகை, நாய்கள் ஆகிய நான்கையும் தமக்கு நேர்ந்த வேதனைகளாக அவர் எழுதுகிறார். மரப்பட்டைக் கூடாரத்துள் புகை அடர்ந்து மூச்சு முட்டும்போது, தரையோடு வாயை வைத்துக் கிடந்தாராம். ஆனால் பெருந்துன்பம் பசியே. அவ்வாண்டின் தொடக்கத்தில் பனி போதிய அளவு பெய்யவில்லை. பனி ஆழமாய் இருந்தால்தான் மூஸ் என்னும் பெருங்கொம்பு மான் ஓட இயலாமல் அகப்படும். மெல்லிய பனியில் அது தப்பிவிடும். பனி மிகுந்தால் சாவு என்று நாம் எண்ணுகிறோம். அவர்களுக்கோ பனி குறைந்ததால் பட்டினி! துறவியார் தம் அங்கியின் கிழிசல்களை விலாங்கு மீனின் தோலால் ஒட்டுப் போட்டிருந்தார். பசி முற்றியபோது அந்த ஒட்டுகளைப் பிய்த்துத் தின்றார். அங்கி முழுவதும் அத்தோலால் ஆகியிருந்தால் அதையும் தின்றிருப்பேன் என்ற பொருள்பட நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

அந்த ஆறு மாதத்தில் அவர் தனியாய் இருந்திருந்தால் ஒரு வாரம் தாண்டியிருக்க மாட்டார். வேட்டையில் கிடைத்ததை இன்னு மக்கள் எல்லாருக்கும் பகிர்ந்தனர், அவருக்கும். தனக்கென்று ஒதுக்கி வைப்பவனை அவர்கள் எள்ளி நகைத்தனர். பட்டினி நாள்களிலும் ஒருவர்க்கொருவர் மனத்திடம் கூறிச் சிரித்த முகத்தோடிருந்தனர் என்று அவரே பதிவு செய்கிறார். அம்மக்களைக் காட்டுவாசிகள் என்று இழித்துரைத்த அதே எழுதுகோல், இதையும் எழுதியது. அக்குறையை மறைக்க நாம் விரும்பவில்லை; அந்நோக்கு பிற்காலத்தில் உறைவிடப் பள்ளிகளாய் வளர்ந்து முதற்குடிப் பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமைக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். ஆயினும் ல ழேன் அடிகளின் சான்று அப்படியே நிற்கிறது. அக்குளிரில் பிழைத்தவர் தனியர் அல்லர், கூட்டத்தார். 1998 ஜனவரியில் பனிக்கட்டி மழை பெய்து கியூபெக்கிலும் ஒன்டாரியோவிலும் மின்கோபுரங்கள் முறிந்து விழுந்து, பல இலட்சம் மக்கள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மின்சாரமின்றித் தவித்தபோதும், விறகடுப்பு உள்ள வீடு அண்டை வீட்டாருக்கும் வீடாயிற்று. பள்ளிகளிலும் பொதுக்கூடங்களிலும் அறிமுகமற்றோர் அருகருகே படுத்தனர்.

எனவே உயிர்பிழைத்திருத்தல் பகுதி, தான் எடுத்துக்கொண்ட நிலத்தைப் பற்றியே ஒரு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. குளிரை மெய்யாகக் காட்டியது. குளிரை வென்ற வழியைக் காட்டவில்லை.

இது படைப்பாளருக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்குக் கதைப்பகுதியே சான்று. மெக்கன்சி என்னும் விமானியும், அவரைப் பிரிந்து வாழும் மனைவியான மருத்துவர் ஆஸ்ட்ரிட் கிரீன்வுட்டும் விமானம் வீழ்ந்து இருவேறு திசையில் சிதறுகின்றனர். முதலிரு பகுதிகள் 2017இல் வந்தபோது, ஏவிய வேலையைச் செய்துகொண்டு ஓடுவதாகவே இருக்கின்றன என்ற குறை எழுந்தது. 2018 டிசம்பரில் அவற்றைத் திருத்தி மீண்டும் வெளியிட்டனர். தவற்றை ஏற்றுத் திருத்தி எழுதும் பணிவு நம் எழுத்தாளர் எத்தனை பேரிடம் உண்டு என்று கேட்கத் தோன்றுகிறது. முதற்பகுதியில் பார்வையற்ற மூதாட்டி ஒருத்தி வருகிறாள். ஊரே காலியான பின்னும் தன் வீட்டை விட்டு அகலாதவள். அவளது அடுப்புக்கு விறகும் அவளுக்கு உணவும் கொண்டுவந்து கொடுத்தால்தான் மெக்கன்சியை அவள் நம்புகிறாள். அங்கேயே கணக்கு சற்று ஆட்டம் காண்கிறது.

2019 அக்டோபரில் வந்த மூன்றாம் பகுதியோ முற்றிலும் வேறு. ஆஸ்ட்ரிட் ஒரு பள்ளத்தாக்கை அடைகிறாள். அங்குள்ள தாம்சன்ஸ் கிராஸிங் என்னும் சிற்றூரின் பொதுக்கூடத்தில் தாமஸ் என்னும் குருவானவர் இருக்கிறார். வீழ்ந்த பயணியர் விமானம் ஒன்றிலிருந்து தப்பியோரை அவர் அங்கே கிடத்திப் பேணுகிறார். இன்னும் சிலர் பனிவெளியில் கிடக்கின்றனர். ஆஸ்ட்ரிட் வெளியே போய், அவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவராய்த் தோளில் சுமந்து வர வேண்டும்.

சுமந்து வரும்போது அவளால் ஓட முடியாது. ஓநாயின் ஊளை கேட்டால், சுமந்தவரைக் கீழே கிடத்திவிட்டு, அதை விரட்டிவிட்டு, மீண்டும் தூக்க வேண்டும். கூடத்துக்கு வந்தபின்னும் ஓய்வில்லை. கிடப்பவர்களுக்கு விறகு, உணவு, மருந்து. இதே விளையாட்டு, இதே பனி, அதே நான்கு அளவுகோல்கள். ஆனால் குறைவது இப்போது அவளுடைய அளவு மட்டுமன்று. தம்பி அப்பகுதியை ஆடியபோது அவன் அமர்ந்திருந்த விதமே மாறிற்று; நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். தான் சாவதைப் பற்றி நூறு இரவுகளில் பதறாதவன், தோளில் கிடந்த முன்பின் அறியாத ஒருவருக்காகப் பதறினான்.

குறைகளும் உண்டு. தாமஸ் அடிகள் பேசுகின்ற சில இடங்கள் நீண்டுவிடுகின்றன. மேலைநாட்டுக் கலைஞருக்குக் குருவானவர் என்றாலே ஒரு மர்மப் புன்னகையைத் தந்துவிட வேண்டும் போலும். சுமத்தலும் திரும்பத் திரும்ப வருவதால் பொறுமையற்றோர்க்குச் சலிக்கும். சலிக்கட்டும், நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான் சலிக்கும். நமக்கு வருத்தமளிப்பது வேறு. இந்த மூன்றாம் பகுதியை ஆடி முடித்தோர் பலரும் மீண்டும் தனியனின் விளையாட்டுக்கே திரும்பிவிடுகின்றனர். தம்பியும் திரும்பினான். ஏனென்று கேட்டோம். “அங்க யாரும் நம்மள நம்பி இல்ல சாமி. செத்தாலும் நம்ம மட்டுந்தான்” என்றான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லலாமென்று அவனும் அவன் தாயும் இசைவு தந்தனர். தம்பியின் தந்தை 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனையில் காலமானார். உடல் வீட்டுக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பாதுகாப்பு உடையணிந்த நால்வர் இறக்கினர். நாம் தொலைவில் நின்று மன்றாட்டைச் சொன்னோம். மகன் தனிமைப்படுத்தப்பட்டிருந்தமையால் வர அனுமதியில்லை. ஒரு பிடி மண் போட அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனைக் கண்டிக்கப் போன அன்று இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவைதாம். ஆனால் நினைவுக்கு வந்தது, குடிலில் கிடந்தவரை அடக்கம் செய்ய முடியாதா என்று நாம் கேட்டு, அவன் திரும்பிப் பார்த்த அப்போதுதான். கேட்டிருக்க வேண்டாமே என்று நொந்துகொண்டோம்.

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது தம்பி அருகே வந்தான். வேலைக்கான நேர்காணல் ஒன்று இருக்கிறதென்றும் செபிக்க வேண்டுமென்றும் சொன்னான். பிறகு, போகத் திரும்பியவன் நின்று, அந்த வேட்டைக்காரன் குடிலுக்கு மறுபடியும் போனதாகச் சொன்னான். விளையாட்டில் வழியில் கிடக்கும் கற்களைப் பொறுக்கலாம். முயலின்மேல் எறிவதற்காக வைத்திருப்பவை அவை. பொறுக்கியவற்றை விரும்பிய இடத்தில் வைக்கவும் முடியும். ஏரிக்கரையெல்லாம் சுற்றிக் கற்களைச் சேர்த்துக் கொண்டுவந்து அந்த உடலைச் சுற்றி ஒவ்வொன்றாய் வைத்திருக்கிறான். ஒரு பகல் முழுவதும் அதில் போய்விட்டதாம். வெளியே வந்தபோது இருட்டிப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது.

“பிழைச்சியா?” என்று கேட்டோம்.

“இல்ல சாமி. நூத்திப் பன்னெண்டு நாள் ஓட்டுனது, போயிருச்சு” என்று சிரித்தான்.

சற்றுப் பொறுத்து, “அவர்கிட்ட முந்தி எடுத்த தீக்குச்சி ரெண்டு அப்பவும் பையிலதான் இருந்துச்சு” என்றான்.